பி.டி. சார் பதில்கள்: விழுந்தவரும் பக்கத்தில் நின்றவர்களும்

போன இதழில் விளையாட்டு வீரர்களின் தவறுகளைப் பற்றி நான் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பொறையாறு தபால்காரர் ஒரே நாளில் பதினொன்று கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த ஐந்தை எடுத்திருக்கிறேன். கடைசிக் கடிதம் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

கேள்வி: பள்ளி நாளில் என் நோட்டு அட்டை எல்லாவற்றிலும் ஹான்சி குரோனியே படம்தான். ‘இயேசுவாக இருந்தால் என்ன செய்வார்’ என்ற பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஆடியவர். ஓய்வுநாள் பள்ளியில் அவரைத்தான் உதாரணம் சொல்வார்கள். 2000ல் அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. இன்றைக்கும் அவர்மேல் பாசமும் போகவில்லை, கோபமும் போகவில்லை. கிறிஸ்தவனாக நான் அவரை மன்னித்துவிட வேண்டாமா?
வாசகர், கும்பகோணம்

தம்பி, பாசமும் கோபமும் ஒரே நெஞ்சில் இருப்பது தப்பில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரியும்.

இளைய வாசகர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குரோனியே தென்னாப்பிரிக்க கேப்டன். 2000 ஜனவரியில் செஞ்சூரியனில் இங்கிலாந்துடன் டெஸ்ட். மூன்று நாள் மழையில் போய்விட்டது. ஆளுக்கு ஒரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து ஒரு முடிவைப் பார்ப்போம் என்றார் குரோனியே. இங்கிலாந்து ஜெயித்தது. பெருந்தன்மை என்று பலர் புகழ்ந்தார்கள். நானும் பள்ளிக்கூடப் பிரேயரில் பையன்களை நிறுத்தி அதைச் சொன்னேன். அந்த முடிவுக்காக ஒரு சூதாட்டக்காரரிடமிருந்து 53,000 ராண்டும் ஒரு தோல் ஜாக்கெட்டும் அவர் கைக்கு வந்திருந்தது பிறகு தெரிந்தது. ஏப்ரலில் டெல்லி போலீஸ் தொலைபேசிப் பேச்சை வெளியிட்டது. முதலில் மறுத்தார், நாலு நாளில் ஒப்புக்கொண்டார். ஆயுள் தடை. 2002 ஜூன் 1ஆம் தேதி அவர் ஏறி வந்த சரக்கு விமானம் மலையில் மோதி, இரண்டு விமானிகளோடு அவரும் இறந்தார். வயது 32.

எல்லாரும் ஜாக்கெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு நாக்பூர்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதே வருடம் மார்ச்சில் இந்தியாவோடு ஒருநாள் ஆட்டம். கேப்டன் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். 26 வயது ஹெர்ஷல் கிப்ஸ் 20 ரன்னுக்குள் ஆட்டமிழக்க வேண்டும். ஹென்றி வில்லியம்ஸ் தன் பத்து ஓவரில் 50 ரன்னுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 15,000 டாலர். இரண்டு பேரும் வெள்ளையர் அல்லாதவர்கள். வில்லியம்ஸ் அணிக்குள் வந்தே சில மாதங்கள்தான். நிறவெறி ஆட்சி போய் அந்த நாட்டில் ஆறு வருடம்கூட நிறையவில்லை. கேப்டனே கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? சரி என்றார்கள். அப்புறம் களத்தில் கிப்ஸ் 74 அடித்துவிட்டார். வில்லியம்ஸ் இரண்டு ஓவர் முடிப்பதற்குள் தோள்பட்டை வலியோடு வெளியே போய்விட்டார். பேரம் நடக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஆறு மாதத் தடை, அபராதம், ஆயுளுக்கும் பெயரோடு ஒட்டிய கறை.

சாத்தானுக்கும் உலகத்துக்கும் இடம் கொடுத்துவிட்டேன் என்று குரோனியே சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வில்லியம்ஸைக் கூப்பிட்டது குரோனியேவின் குரல். “இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன்” என்று ஆண்டவர் சொன்ன இடத்தை எடுத்து வாசியுங்கள். அவர் அவ்வளவு கடுமையாகப் பேசிய இடங்கள் குறைவு.

உங்களுக்கு அவர் செய்த துரோகம் உங்கள் நோட்டு அட்டை அளவு. அந்த அளவை மன்னிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, இன்றைக்கே மன்னித்துவிடுங்கள். மிச்சம் கிப்ஸுக்கும் வில்லியம்ஸுக்கும் சேரவேண்டியது. அவர்கள் சார்பில் நீங்களோ நானோ கையெழுத்துப் போட முடியாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கடைசிப் பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்டீவ் ஸ்மித் விமான நிலையத்தில் அழுத வீடியோவைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன். “அழுதா சரியாயிடுமா?” என்கிறார் அப்பா. கண்ணீர் மனந்திரும்புதல் ஆகாதா ஐயா?
கல்லூரி மாணவி, திருவாரூர்

ஆகலாம், ஆகாமலும் போகலாம், மகளே. யாக்கோபின் அண்ணன் ஏசாவும் கண்ணீர் விட்டான், ஆனாலும் மனம் மாறுதலைக் காணாமற்போனான் என்று எபிரெயர் நிருபத்தில் இருக்கிறது.

2018 மார்ச், கேப்டவுனில் ஆஸ்திரேலிய அணி ஆடிய டெஸ்ட். விதிக்கு மாறாகப் பந்தை உப்புத்தாளால் தேய்த்தவர் பான்கிராஃப்ட், அணிக்குப் புதியவர். செய்யச் சொன்னவர் வார்னர், துணை கேப்டன். தெரிந்தும் தடுக்காதவர் ஸ்மித், கேப்டன். நாக்பூரில் பார்த்ததையே இங்கேயும் பார்க்கிறாய் அல்லவா? பெரியவர்கள் கை சுத்தமாக இருந்தது, சின்னவன் பையில் உப்புத்தாள் இருந்தது.

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார். ஸ்மித்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்கிற அவருடைய அப்பாவைப் பார். மகன் பேச முடியாமல் திணறும்போது தோளில் கை வைக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை, மகனுக்காக வாதாடவும் இல்லை.

அப்புறம் நடந்ததும் முக்கியம். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, பான்கிராஃப்ட்டுக்கு ஒன்பது மாதம். தடை முடிந்து ஸ்மித் ஆட வந்தார், கேப்டனாக வரவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். மன்னிப்பு வேறு, பதவி வேறு என்று நம் சபைகளில் எத்தனையோ சண்டைகளில் நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. அங்கே ஒரு கிரிக்கெட் வாரியத்துக்கு அது புரிந்திருக்கிறது. 2019ல் இங்கிலாந்தோடு ஆடிய ஆஷஸ் தொடரில் நாலு டெஸ்டில் 774 ரன் அடித்தார். இங்கிலாந்து ரசிகர்கள் அவர் இறங்கும்போதெல்லாம் கூச்சல் போட்டார்கள்.

உன் அப்பாவுக்கு இதையும் காட்டு. அதே வருடம் ஜூனில் ஓவல் மைதானத்தில் உலகக் கோப்பை ஆட்டம். எல்லைக்கோட்டருகே நின்ற ஸ்மித்தைப் பார்த்து நம் ஆட்கள் கேலி செய்து கத்தினார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த விராட் கோலி அந்தப் பக்கம் திரும்பி, கத்தாதீர்கள், கை தட்டுங்கள் என்று சைகை காட்டினார். ஸ்மித் வந்து அவர் கையைப் பிடித்தார். கோலி எதிரணி கேப்டன். கத்தினவர்கள் அவருடைய சொந்த ரசிகர்கள். அவர்களைப் பார்த்து அப்படிச் செய்ய நெஞ்சில் தைரியம் வேண்டும்.

கேள்வி: எங்கள் வாலிபர் முகாமுக்குத் ‘தவறிய ஓட்டம்’ என்று ஒரு பாடம் தயாரிக்கிறேன். பென் ஜான்சன், மரியன் ஜோன்ஸ், நம் சாந்தி சௌந்தரராஜன் மூவரையும் உதாரணமாக எடுத்திருக்கிறேன். பொருத்தமான வசனம் சொல்லுங்கள்.
வாலிபர் சங்கச் செயலாளர், அறந்தாங்கி

வசனம் இருக்கட்டும். முதலில் மூன்றாவது பெயரை அடியுங்கள்.

பென் ஜான்சன் 1988ல் சியோலில் 9.79 விநாடியில் நூறு மீட்டர் ஓடினார், உடம்பில் ஸ்டீராய்டு இருந்தது. மரியன் ஜோன்ஸ் வருடக்கணக்கில் பொய் சொல்லி 2007ல் ஒப்புக்கொண்டு, பொய் சொன்ன குற்றத்துக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர்கள் மருந்து எடுத்தார்கள். சாந்தி என்ன எடுத்தார்? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. 2006ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அதற்கு அந்தப் பிள்ளை பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. சர்வதேசப் பதக்கம் வாங்கிய கை மறுபடி செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போனது. பின்னாளில் அரசுப் பயிற்சியாளராகி நம் பிள்ளைகளுக்கே ஓடக் கற்றுக்கொடுத்தார்.

உங்களுக்கும் கத்தக்குறிச்சிக்கும் எவ்வளவு தூரம் தம்பி? பக்கத்து ஊர்க்காரர் நீங்களே அந்தப் பெயரை அந்த வரிசையில் எழுதலாமா? மன்னிப்பைப் பற்றிப் பேசவேண்டுமானால், அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்கவேண்டிய மன்னிப்பைப் பற்றிப் பேசுங்கள். பாடத்துக்கு யோபு புத்தகத்தை எடுங்கள். துன்பப்படுகிறவனிடம் வந்து ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்று சாதித்த நண்பர்கள்மேல் தேவனுக்குக் கோபம் மூண்டது என்று கடைசி அதிகாரத்தில் இருக்கிறது.

கேள்வி: கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் பெண்கள் விவகாரத்தில் மாட்டியபோது, 2010ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரிட் ஹியூம் என்பவர், ‘கிறிஸ்தவத்துக்கு வாருங்கள், பௌத்தத்தில் இந்த மாதிரி மன்னிப்பு இல்லை’ என்ற பொருளில் பேசினாராம். என் அலுவலக நண்பர் இதைக் காட்டி, “உங்க ஆளுங்ககிட்ட மட்டும்தான் மன்னிப்பு இருக்கா?” என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
வாசகி, மன்னார்குடி

கிறிஸ்து தருகிற மன்னிப்பை நான் முழுசாக நம்புகிறேன் அம்மா, அதை வாங்கி அனுபவித்தவன். ஆனால் ஒருவர் வீடு பற்றி எரியும்போது வாசலில் நின்று ஒலிபெருக்கியில் அழைப்பதை நான் ஊழியம் என்று சொல்லமாட்டேன். அடுத்த மாதம் உட்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டபோது, சிறுவயதில் அம்மா கற்றுக்கொடுத்த பௌத்தத்தை விட்டு விலகியதுதான் தன் தவறு என்றார். தாய்லாந்தில் பிறந்த அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தத் தாயின் முகத்துக்கு நேராக அந்தத் தொலைக்காட்சிக்காரரால் அப்படிச் சொல்ல முடிந்திருக்குமா?

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். குறுவை சமயத்தில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தவர் அவருடைய கொழுந்தனார். அந்தக் கொழுந்தனார் வாதம் வந்து படுத்தபோது மூன்று மாதம் கஞ்சி காய்ச்சி ஊட்டியது அந்த அம்மாதான். அவரிடம் போய் உங்களுக்கு மன்னிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. கையில் பட்டை கட்டிய குரோனியே செய்ததும் நமக்குத் தெரியும். உங்கள் நண்பரிடம், ‘எனக்குக் கிடைத்ததைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்’ என்று சொல்லி, கிடைத்ததைச் சொல்லுங்கள். அவர் டீ குடிக்கிற நேரம் போதும்.

கேள்வி: எனக்கு 22 வயது. பொங்கலுக்கு எங்கள் பக்கம் நடந்த கபடித் தொடரில், அரையிறுதியில் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று ரெய்டில் வேண்டுமென்றே பிடிகொடுத்தேன். தெரிந்துவிட்டது. டீமில் சேர்ப்பதில்லை. சர்ச் பாடகர் குழுவிலும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மா மட்டும்தான் பேசுகிறார். பாகிஸ்தான் பந்துவீச்சாளர் முகமது ஆமிர் காசுக்கு நோ-பால் போட்டு ஜெயிலுக்குப் போனவர், திரும்பி வந்து ஃபைனலில் நம்மையே சாய்த்தார். பெரிய ஆட்களுக்கு மட்டும்தான் இரண்டாவது சான்ஸா சார்?
பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை பக்கம்

தம்பி, உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆமிரின் இடது கை ஒரு நாட்டுக்குத் தேவைப்பட்டது, அதனால் கதவு திறந்தது. உன் ரெய்டு இல்லாமல் உன் டீம் ஆடிக்கொள்ளும். இது அநியாயம்தான்.

ஆனால் ஆமிர் கதையை நீ பாதிதான் எழுதியிருக்கிறாய். 2010ல் லார்ட்ஸில் அந்த நோ-பாலைப் போட்டபோது அவனுக்கு 18 வயது. போடச் சொன்னதில் அவனுடைய கேப்டனுக்கும் பங்கு உண்டு. சிறை, ஐந்து வருடத் தடை. திரும்பி வந்தபோது, இவனோடு ஒரே முகாமில் இருக்கமாட்டோம் என்று இரண்டு மூத்த ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றுதான் 2017 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலில் ரோஹித், கோலி, தவான் மூவரையும் எடுத்தான்.

இன்னொன்றைக் கவனி. ஆமிருக்கு ஐந்து வருடம், ஸ்மித்துக்குப் பன்னிரண்டு மாதம், கிப்ஸுக்கு ஆறு மாதம். எல்லாவற்றிலும் ஒரு தேதி இருந்தது. உன்னைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தியவர்கள் தேதி சொன்னார்களா? சொல்லியிருக்கமாட்டார்கள். நம் ஊர்களிலும் சபைகளிலும் யாரும் தேதி போடுவதில்லை. நிறுத்தியது தப்பு என்று நான் சொல்லவில்லை. எப்போது திரும்ப வரலாம் என்று சொல்லாமல் விட்டதுதான் கொடுமை. உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய், “எவ்வளவு நாள் ஐயா?” என்று மரியாதையாகக் கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு.

இனி என் கதை. இதை இந்தப் பத்திரிகையில் இதுவரை எழுதியதில்லை.

1996. நான் வேலை பார்த்த பள்ளிக்குக் குறுவட்டக் கபடியில் அதுவரை கோப்பை கிடைத்ததில்லை. எங்களிடம் ஒரு ரைடர் இருந்தான், கோட்டைத் தாண்டினால் காற்றைப் பிடிக்கிற மாதிரிதான். ஆனால் வயது இரண்டு வருடம் கூடிவிட்டது. படிவத்தை நிரப்பியது நான். பிறந்த வருடத்தில் 1, 9, 7 எழுதிவிட்டுப் பேனாவைக் காகிதத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது. 7 எழுதவேண்டிய இடத்தில் 9 எழுதினேன். பையனைக் கூப்பிட்டு, யாராவது கேட்டால் இந்த வருடத்தைச் சொல் என்றேன். “சரி சார்” என்றான். இறுதி ஆட்டம் ஒரு கடற்கரைப் பள்ளியோடு. இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2007ல் ஒரு ஞாயிறு, சபையில் வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு. கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரம், பந்தயச் சாலையில் ஓடுகிறவர்களைப் பற்றியது. “மற்றவர்களுக்குப் பிரசங்கம்பண்ணுகிற நான்தானே ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு” என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், உடம்பு சரியில்லை என்று நினைத்து.

அந்த வாரமே அந்தக் கடற்கரைப் பள்ளி டீமின் அன்றைய கேப்டனைத் தேடிப் போனேன். கொட்டகையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல ஊசி நிற்கவே இல்லை. முடித்ததும் சொன்னார்: “தோத்ததுக்கு நான் அழுவல சார். எங்கப்பா அவரு ஆயுசுல ஒரே ஒரு நாள்தான் என் ஆட்டத்தப் பாக்கணும்னு கடலுக்குப் போவாம வந்தாரு. அன்னிக்குத்தான் தோத்தேன்.” அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நான் கையைக் கூப்பினேன். “அத வுடுங்க சார்” என்றவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “அந்தப் பையன்கிட்ட சொன்னீங்களா? அவனத்தான பொய் சொல்ல வச்சீங்க.”

பதினோரு வருடத்தில் அந்தப் பையனை நான் ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

திருப்பூரில் இருந்தான். பனியன் கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை நின்றேன். சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்” என்றான்.

கோப்பையைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி அந்தக் கடற்கரைப் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஐயரிடமும் சொன்னேன். ஒரு வருடம் நான் வேதபாடம் வாசிக்க வேண்டாம் என்றார். சரியாக அடுத்த வருடம், அதே ஞாயிறு, அவரே என் பெஞ்சுக்கு வந்து வேதாகமத்தைக் கையில் கொடுத்தார். முந்தின வருடம் நான் நின்ற பக்கத்தில் நாடா வைத்திருந்தார்.

உனக்கு நான் சொல்வது இதுதான். அந்த 4,000 ரூபாயை வைத்துக்கொள்ளாதே. செலவாகியிருந்தால் சம்பாதித்து, தொடர் நடத்தியவர்களிடம் கொடு. உன்னோடு ஆடிய ஆறு பேர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போ, கூட்டமாக வைத்துப் பேசாதே. அவர்களில் வயதில் குறைந்தவன் யாரோ அவனிடம் முதலில் போ. யாராவது கதவைச் சாத்தினால் சண்டை போடாதே. அது அவன் கதவு.

மாற்கு என்கிற வாலிபன் பவுலின் பயணத்தில் பாதியிலேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்று பவுல் ஒரே பிடியாக நின்றார். பர்னபாதான் அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து அதே பவுல் எழுதுகிறார்: “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.” உன் ஊரில் உனக்கு ஒரு பர்னபா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் நான் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொறையாறில் பதினான்கு பொடியன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். நாகப்பட்டினம் வந்து காரைக்கால் வழியாக பஸ் ஏறினால் இறங்கி நடக்கிற தூரம்தான். என் போன் நம்பர் ஆசிரியரிடம் இருக்கிறது. முதல் மூன்று மாதம் உன்னை ரெய்டு போக விடமாட்டேன், தேதியை இப்போதே சொல்லிவிட்டேன். எனக்கு முழங்கால் வலி, குனிந்து சுண்ணாம்புக் கோடு போட முடியவில்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துவிடு, வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.